வளாகத்துக்குள் ஒரு லயம்: பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் அவர்களுக்கும், பேரவை, மூதவை உறுப்பினர்களுக்கும், தமிழ், வரலாறு, தொல்லியல் துறைகளின் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் வளாகத்துக்குள் ஒரு வீட்டு நூதனசாலை வேண்டும். தேயிலைத் தோட்டத்தை நடத்திய துரை குடியிருந்த ஒரு பங்களாவும், அதிலிருந்து கூப்பிடு தூரத்தில், தொழிலாளர் குடும்பங்கள் குடியிருந்த நாலைந்து காம்பரா, அதாவது ஒற்றை அறை, வரிசையாகக் கொண்ட ஒரு லயமும் சேர்ந்ததாக அது இருக்க வேண்டும். பங்களா மட்டும் என்றால் வேண்டாம், அப்படிப்பட்டவை மலையகத்தில் தாராளமாக இருக்கின்றன. லயம் மட்டும் என்றாலும் கதை பாதிதான். இரண்டும் ஒரே காணியில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றவை. பார்க்க வருகிறவர்களும் அப்படியே பார்க்கட்டும்.

நான் கலஹாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் வரலாறு படிப்பிக்கிறேன். லயத்தில் பிறந்தவள். கண்டியிலிருந்து கலஹாவுக்கு வரும் பஸ் உங்கள் வளாகத்துக்கு ஊடாகத்தான் போகிறது. அதனால் கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களில் பிறந்த எங்களுக்குப் பல்கலைக்கழகம் என்பது முதலில் பஸ் ஜன்னலில் தெரிந்த ஒன்று. பெரியாஸ்பத்திரிக்குப் போகிற கிழவிகள், கண்டிக் கடைகளில் வேலை செய்யும் பையன்கள், தீபாவளிக்குச் சட்டை எடுத்து வருகிற குடும்பங்கள் என்று அந்த பஸ் எந்நேரமும் நிறைந்திருக்கும். செனட் கட்டடம் வரும்போது "இங்கதான் டொக்டர்மாரு, இஞ்சினியர்மாரு படிக்கிறது" என்று யாராவது ஒரு பிள்ளைக்குக் காட்டுவார்கள். மணி அடித்தால் இறங்கலாம். இறங்கி நமக்கென்ன அலுவல் என்று எல்லோரும் உட்கார்ந்தபடியே போய்விடுவோம்.

போன டிசம்பரில் குடும்பமாக இறங்கினோம். காரணம் அண்ணன் மகள். உங்களிடம் படித்துவிட்டுப் போனவள், இப்போது அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள், "அப்பாயி, நான் நாலு வருசம் படிச்ச எடத்த நீங்க ஒருநாளும் உள்ள வந்து பாக்கலயே" என்று என் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். சரி என்று அண்ணனின் வேனில் எல்லோரும் ஏறினோம். ரொட்டி, கட்டைச் சம்பல், பிளாஸ்கில் தேத்தண்ணி. முதலில் குறிஞ்சிக் குமரன் கோவில். எழுபது தாண்டிய அம்மாவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை, ஆனாலும் மேலே ஏறித்தான் கும்பிடுவேன் என்று ஏறிவிட்டார்.

அப்புறம் வேனில் மெதுவாக ஒரு சுற்று. மருமகள் விடுதிகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அருணாசலம் மண்டபம் என்றதும் நான் வாத்தியார் வேலையைத் தொடங்கிவிட்டேன். வேலையை விட்டுப்போன தோட்டத் தொழிலாளியைச் சிறையில் போடும் சட்டத்தை எதிர்த்தவர்களில் சேர் பொன்னம்பலம் அருணாசலம் முக்கியமானவர், தொழிலாளர் நலனுக்காக 1919இல் ஒரு சங்கத்தையே தொடங்கினார் என்று விளக்கிக்கொண்டு போனேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அவரு பேருல லயம் ஒன்னும் இல்லையா?" என்றார். வேனில் சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி சிரிப்போடு போகவில்லை.

மரத்தடியில் ரொட்டியைப் பிரித்து வைத்துச் சாப்பிடும்போது மருமகள் தன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னாள். அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கிளெம்சன் வளாகத்தின் நட்டநடுவே ஃபோர்ட் ஹில் என்று ஒரு வீடு. வெள்ளை வீடு, முகப்பில் உயரமான தூண்கள். அமெரிக்காவின் துணை ஜனாதிபதியாக இருந்த ஜோன் கல்ஹூன் என்பவரின் தோட்டத்து வீடு அது. 1825இலிருந்து 1850இல் அவர் சாகும்வரை அவருடைய குடும்பம் அங்கே இருந்தது. அடிமை முறை ஒரு நன்மையான காரியம் என்று 1837இல் செனட் சபையில் எழுந்து வாதாடிய மனிதர் அவர். அவருடைய மருமகன் தோமஸ் கிளெம்சன் 1888இல் இறந்தபோது காணியையும் வீட்டையும் மாநிலத்துக்கு எழுதிவைத்தார். அந்தக் காணியில் எழும்பியதுதான் அந்தப் பல்கலைக்கழகம். உயிலில் ஒரு நிபந்தனையும் வைத்தார்: வீட்டை இடிக்கக் கூடாது, மாற்றக் கூடாது, பார்க்க வருகிறவர்களுக்கு அது எப்போதும் திறந்திருக்க வேண்டும். ஆகவே பாடக் கட்டடங்களுக்கு நடுவில் அந்த வீடு இன்றைக்கும் நூதனசாலையாக நிற்கிறது.

மருமகள் தன்னோடு படிக்கும் ஒரு பிள்ளையின் குடும்பத்தோடு அதைப் போய்ப் பார்த்திருக்கிறாள். அந்தக் காலத்துக் கட்டில், சாப்பாட்டு மேசை, தளபாடம், ஐயாவின் எழுத்தறை தனிக் கட்டடமாக, குசினி தனிக் கட்டடமாக. இதுவரைக்கும் எந்தப் பெரிய வீட்டிலும் காட்டுகிற விஷயம்தான். ஆனால் இப்போது அங்கே அடிமைகளைப் பற்றியும் சொல்கிறார்கள். சொத்துப் பட்டியலில் மாடு குதிரையோடு எழுதிவைத்திருந்த மனிதர்களின் பெயர்களைத் தேடி எடுத்துப் பேசுகிறார்கள். அவர்கள் குடியிருந்த இடம் பெரிய வீட்டிலிருந்து ஏறக்குறைய 200 மீற்றர் தூரத்தில்தான். கட்டடம் இப்போது இல்லை, ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். 1849இல் ஒருவர் அந்தக் குடியிருப்பைப் பார்த்து எழுதியது அதில் இருக்கிறது: கல்லால் கட்டி, பட்டாளத்து முகாம் போல ஒன்றோடொன்று சேர்த்து, ஒட்டினாற்போல் தோட்டங்களோடு.

அம்மா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார், "அப்ப அதுவும் லயந்தான் புள்ள."

மருமகள் இன்னும் சொன்னாள். பல்கலைக்கழகத்தின் தொடக்க காலத்தில் காடு வெட்டியவர்களும் செங்கல் அறுத்துக் கட்டியவர்களும் சிறைக்கைதிகள், பெரும்பாலும் கறுப்பின மக்கள். வளாகத்து மயானத்தில் 2020இல் நிலத்தை ஊடுருவிப் பார்க்கும் ராடர் கருவியை வைத்துத் தேடியபோது, அடையாளம் எதுவுமில்லாத 600க்கும் மேற்பட்ட புதைகுழிகள் தெரியவந்தன. பக்கத்திலேயே பெருங்கூட்டம் கூடுகிற விளையாட்டரங்கு. அதே ஆண்டில் சிறப்புக் கல்லூரி ஒன்றுக்கு வைத்திருந்த கல்ஹூனின் பெயரையும் எடுத்துவிட்டார்கள். வீட்டை மட்டும் இடிக்கவில்லை. அதைத் திறந்து வைத்துக்கொண்டே அதற்குள் நடந்ததைச் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது இதுதான்.

அடிமை முறையையும், இந்தியாவிலிருந்து ஆள் சேர்த்து வந்து மேய்த்த கங்காணி முறையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப நான் வரவில்லை. எங்கள் பாட்டன் பூட்டனை யாரும் ஏலத்தில் விற்கவில்லை. அவர்களைக் கட்டிப்போட்டது கங்காணியிடம் பட்ட கடன். கடனைத் தீர்த்தால் இந்த ஆளை விடுவேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் "துண்டு" கையில் இல்லாமல் வேறு தோட்டத்தில் சேர முடியாது. அந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தது 1921இல்தான். வேறு நாடு, வேறு சட்டம், வேறு பயிர். ஆனால் மேட்டில் பெரிய வீடும் அதற்குக் கீழே ஒட்டி ஒட்டிக் கட்டிய சின்ன அறைகளும் என்ற அமைப்பை, அமெரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடக் கேட்காத அம்மா உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

இனி உங்கள் காணிக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தை எங்கே கட்டுவது என்ற இழுபறி அந்தக் காலத்தில் பல வருடம் நடந்தது. தும்பறைப் பள்ளத்தாக்கை யோசித்து, அதை விட்டு, கடைசியில் தெரிவானது நியூ பேராதெனியா தோட்டம். பற்றிக் அபர்குறொம்பியும் கிளிஃபர்ட் ஹொலிடேயும் திட்டம் வகுத்தார்கள். ஷேர்லி டி அல்விஸ் கட்டடங்களை வரைந்தார். 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் இங்கே குடிவந்தது. 1954 ஏப்ரலில் எலிசபெத் மகாராணியும் எடின்பரோ கோமகனும் வந்தார்கள். ஏற்கெனவே திறந்து பாடம் நடக்கிற இடத்தைத் திறக்கச் சொல்கிறார்களே என்று கோமகன் பகிடியாக, வழக்கத்தைவிடக் கூடுதலாகத் திறந்துவிட்டதாக அறிவித்தார். அந்த வாசகத்தை உங்கள் மாணவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். நல்ல வாசகம்தான்.

அதே வருடங்களில் எங்கள் பக்கம் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1948இல் எங்கள் பிரஜாவுரிமையைப் பறித்த பிரஜாவுரிமைச் சட்டம். அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில், ஐந்து வருடத்துக்கு முன் வாக்குப் போட்ட தோட்டச் சனங்கள் கைகட்டி நின்றார்கள். கோடகன் பிள்ளை என்பவர் றுவன்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பில் தன் பெயரைப் பதியக் கேட்டு வழக்காடி, அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953இல் தோற்றது. 1954 ஜனவரியில் இந்தியப் பிரதமர் நேருவும் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையும் எங்களை யார் பொறுப்பேற்பது என்று பேசி ஒப்பந்தம் எழுதினார்கள். உங்கள் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் டி.எஸ். சேனநாயக்கவுக்கு அரசியலமைப்பு ஆலோசகராகவும் இருந்தவர். சிறுபான்மைக்குக் காவல் என்று சொல்லப்பட்ட, அந்த அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு எங்களுக்குக் கைகொடுக்காமல் போன கதையும் ஆகவே இந்த வளாகத்தின் கதைக்குள் வருகிறது. எங்கோ நுவரெலியாவில் நடந்தது என்று தள்ளிவைக்க முடியாது.

நியூ பேராதெனியா தோட்டத்தில் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில், பேர் இருந்தவர்கள் யார்? காணி கைமாறியபோது அவர்களை எங்கே அனுப்பினார்கள்? தோட்டம் என்று ஒன்று இருந்தால் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம் இருக்கும், லயம் இருக்கும், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா இருக்கும், செத்தவர்களைப் புதைத்த ஓர் இடமும் இருக்கும். காணி எடுத்த காலத்துக் கோப்புகளை உங்கள் பக்கமும் சுவடிகள் திணைக்களத்திலும் தேடலாம். வரலாற்றுத் துறையில் இறுதி ஆண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அலையும் ஒரு பிள்ளைக்கு இதைக் கொடுங்கள். நூதனசாலைக்கு முதல் அறை அந்த ஆய்விலிருந்தே கிடைத்துவிடும்.

மலையகத்தில் நூதனசாலைகள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. உங்கள் முதுகுப் பக்கமே ஹந்தானை மலையில், 1925இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலை 2001இலிருந்து தேயிலை நூதனசாலையாக இருக்கிறது. இயந்திரங்களும், 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் பொருட்களும் அங்கே உண்டு. கொழுந்து எப்படித் தூளாகிறது என்று காட்ட என் மாணவர்களை அங்கேதான் கூட்டிப்போகிறேன், மேல்மாடியில் தேத்தண்ணியும் நன்றாக இருக்கும். அப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிசம் பங்களா இருக்கிறது, இப்போது துறவிகளின் மடம், உள்ளே போய்ப் பார்க்கலாம். கந்தப்பளையில் ஹெதர்செட் தொழிற்சாலை நட்சத்திர விடுதியாகிவிட்டது. துரை பங்களாக்கள் பலவும் விடுதிகள்தாம். அவற்றில் சிலதில் ஒரு இரவுக்கு வாங்கும் காசு கொழுந்து பறிக்கிறவளின் மாதச் சம்பளத்தைத் தாண்டும்.

லயத்தைக் காட்டுகிற இடமும் உண்டு. கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையைத் தொடங்கியது. லயக் காம்பராவிலேயே அமைத்திருக்கிறார்கள். யாரும் கேட்காத காலத்தில், தோட்டத்துக்குள்ளேயே, சனங்களிடம் வாங்கிச் சேர்த்த பொருட்களை வைத்துச் செய்த வேலை அது, நீங்கள் எதைத் தொடங்குவதாக இருந்தாலும் முதலில் அவர்களிடம் போய்ப் பேசுங்கள். ஆனால் அங்கே போகிறவர் தேடித்தான் போக வேண்டும். பேராதனைக்கு வருகிறவர் அப்படியில்லை. காலியிலிருந்தும் அநுராதபுரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் படிக்க வருகிற பிள்ளைகள், பட்டமளிப்புக்கு வரும் அவர்களுடைய பெற்றோர், தாவரவியல் பூங்கா பார்க்க வந்து அப்படியே வளாகத்தையும் ஒரு சுற்றுச் சுற்றுகிறவர்கள் என்று ஒரு பெரிய கூட்டம். தினமும் மூன்று வேளை தேத்தண்ணி குடித்தும் ஒரு லயத்து வாசலில்கூட நின்றிராதவர்கள் அவர்களுக்குள் நிறையப் பேர். நான் நினைக்கிற லயம் அவர்களுக்காக.

அந்த லயம் எப்படி இருக்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவிடம் கேட்டு எழுதிவைத்தேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. முன்னால் சின்ன இஸ்தோப்பு. மேலே தகரம், சூறாவளிக் காற்றுக்குப் பறக்காமல் அதன் மேல் கல். ஒரு மூலையில் அடுப்பு, அடுப்புக்கு மேலே விறகு காயப்போடும் பரண், பரணுக்குக் கீழே கொடி. ஆனி ஆடி மழையில் துணி காய்வது அந்தப் புகையில்தான், ஆகையால் பள்ளிக்கூடச் சட்டையிலும் புகை மணக்கும். சுவரில் வெடிப்பை மறைக்க வீரகேசரித் தாளைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படித்தது அந்தச் சுவரில். தலைகீழாக ஒட்டிய தாளையும் படிக்கப் பழகியிருந்தேன் என்பதால், வகுப்பில் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று பிள்ளைகளின் கொப்பியைத் திருத்துவது இன்றைக்கும் எனக்குச் சுலபம்.

முக்கியமானது நடுச்சுவர். அது கூரை வரைக்கும் போகாது. பக்கத்துக் காம்பராவில் கருவாடு பொரித்தால் எங்களுக்கும் சேர்த்துத்தான் பொரிப்பார்கள். யாருக்காவது காசம் என்றால் இருமல் லயம் முழுக்க நடக்கும். புருஷன் பெண்சாதி சண்டை, பிரசவ வலி, பரீட்சைக்குப் பாடமாக்கும் பிள்ளையின் குரல், எதற்கும் கதவில்லை. அம்மா கல்யாணமாகி வந்த காம்பராவில் மாமனார், மாமியார், இரண்டு நாத்தனார். நடுவில் கட்டிய ஒரு பழைய சேலைதான் புதுப் பெண்ணுக்கு அறை. கட்டட வேலைக்காரர்கள் அழகுக்காக அந்தச் சுவரைக் கூரை வரை எழுப்பிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு காம்பராவில் நிற்பவருக்கு அடுத்ததில் பேசுவது கேட்க வேண்டும். எழுதி ஒட்டுகிற எந்தப் பலகையைவிடவும் அது நன்றாக விளங்கப்படுத்தும்.

வெளியே தண்ணீர் பிடிக்கும் பீலி. அதில் விடியற்காலையில் நிற்கும் வாளி வரிசை. கொழுந்துக் கூடையும் இடுப்பில் கட்டும் படங்கும் கம்பளியும் வாசல் ஆணியில். கூடையை வெறுமையாக மாட்டிவைத்தால் பார்க்க வருகிறவர் தோளில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். பதினைந்து கிலோ பாரம் போட்டு, கயிற்றைத் தலையில் மாட்டிப் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். சிரித்த முகத்தோடு கொழுந்து பறிக்கும் பொம்மைகளை மட்டும் தயவுசெய்து வைக்க வேண்டாம். விமான நிலையத்திலும் தேயிலைப் பெட்டியிலும் அவை போதிய அளவு இருக்கின்றன.

பங்களாவுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை, அதை எப்படி வைப்பது என்று எல்லோருக்கும் தெரியும். கணப்பு, சாய்வு நாற்காலி, ரோசாச் செடி. அங்கே பின்வாசலையும் காட்டுங்கள் என்பதுதான் என் விண்ணப்பம். அப்புவும் ஆயாவும் தோட்டக்காரரும் வந்து போன வாசல் அது. துரை எதிரே வந்தால் மழையென்றாலும் குடையை மடக்கிக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும் என்ற பழக்கத்தை அம்மா சொல்வார். அந்த நடைபாதையில் அதை எழுதிவையுங்கள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் கோபப்பட்டார். "இன்னும் ஆயிரக்கணக்கான சனம் லயத்துல கெடக்கு. மழைக்கு ஒழுகுது, மண்ணு சரியுமோன்னு ராத்திரி முழுக்க முழிச்சிக்கிட்டு இருக்குறாங்க. நீ என்னான்னா லயத்தக் காட்சிக்கு வைக்கச் சொல்ற." அவர் சொல்வதில் பிழை இல்லை. இந்த மடலுக்கு வரக்கூடிய எதிர்ப்புகளில் கனமானதும் அதுதான். உங்கள் கூட்டத்திலும் யாராவது இதைக் கேட்பார்கள் என்பதால் என் பதிலையும் எழுதுகிறேன்.

ஒரு குடும்பம்கூட லயத்தில் இருக்கக் கூடாது. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற திட்டமும், இந்திய உதவியில் முதலில் 4,000, பிறகு 10,000 என்று அறிவித்த வீடுகளும் சீக்கிரம் முடிய வேண்டும். இருக்கிற லயங்கள் எல்லாம் இடிபட வேண்டியவை. ஆனால் கடைசி லயமும் இடிந்த பிறகு, இப்படியும் சனங்களை வைத்திருந்தார்கள் என்று சொல்ல எங்களிடம் என்ன இருக்கும்? பங்களா நின்றுகொண்டே இருக்கும், அது கருங்கல். பங்களா மட்டும் மிஞ்சிய மலையில், இந்த நாட்டின் தேயிலையை ரோசாச் செடி வளர்த்த கனவான்கள் தனியாக உண்டாக்கினார்கள் என்றுதான் என் பேரப்பிள்ளைகள் நினைப்பார்கள். அதனால் குடும்பங்கள் புது வீட்டுக்குப் போனபின் வெறுமையாகும் ஒரு லயத்தைக் கேட்டு வாங்குங்கள். கதவு, நிலை, தகரம், கல் எல்லாவற்றுக்கும் எண் போட்டுக் கழற்றி, வளாகத்தில் அதே வரிசையில் திரும்பப் பூட்டுங்கள். வாசலில் ஒரு பலகை: இந்த நாட்டில் இன்றைக்கும் லயத்தில் வாழும் குடும்பங்களின் தொகை. அதை வருடா வருடம் திருத்துங்கள். அது பூச்சியமாகும் வரைக்கும் அந்த லயத்துக்குள் நிற்கிறவர் யாரும் இதைப் பழங்கதை என்று எண்ண முடியாது. இதைச் சொன்னதும் அண்ணன் தலையாட்டினார். முழுச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன், சண்டை அத்தோடு நின்றது.

இந்த வேலைக்கு வேண்டிய ஆட்கள் அநேகமாக உங்கள் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். பொறியியல் பீடம் லயத்தை அளந்து கழற்றிப் பூட்டும். தொல்லியல் துறைக்கு மண்ணுக்குள் இருப்பதைத் தேடத் தெரியும், நியூ பேராதெனியாவின் பழைய லய அத்திவாரமோ மயானமோ எங்காவது கிடைக்கிறதா என்று அவர்கள் பார்க்கட்டும். மருத்துவ பீடத்துக்கும் ஒரு மூலை உண்டு: 1916இல் றொக்ஃபெல்லர் நிறுவனம் தோட்டங்களில் கொக்கிப் புழுவுக்கு எதிராக இயக்கம் நடத்த வந்ததே, அதற்குக் காரணமான கக்கூஸ் இல்லாத லயங்களைப் பற்றி அவர்கள் சொல்லலாம். தமிழ்த் துறை தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் பதிவு செய்யட்டும். காமன் கூத்துப் பாடத் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், இதில் தாமதம் கூடாது.

வழிகாட்டிகளாக உங்களிடம் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளை அமர்த்துங்கள், சம்பளம் கொடுத்து. எங்கள் பாடசாலைகளிலிருந்து பல்கலைக்கழகம் வருகிறவர்கள் இன்னும் கொஞ்சப் பேர்தான். வந்தவர்களிலும் சிலர் முதல் வருடம் முழுக்க, ஊர் எது என்று கேட்டால் கண்டி என்று சொல்லித் தப்பிக்கிறார்கள் என்று மருமகள் சொன்னாள். அவளும் அப்படித்தான் சொன்னாளாம். தான் பிறந்த காம்பராவைப் போன்ற ஒன்றின் வாசலில் நின்று, பேராசிரியர்களுக்கும் வெளிநாட்டாருக்கும் அதை விளக்குவது ஒரு பிள்ளையின் உத்தியோகம் என்றால், அந்தக் கூச்சம் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்?

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஆட்களைக் கூட்டமாகப் பேசியே பழகிவிட்டது. லட்சக்கணக்கானவர்கள், கூலிகள், தொழிலாளர்கள். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியப் பக்கம், 3,00,000 பேர் இலங்கைப் பக்கம் என்று மூட்டைக் கணக்காகப் பிரித்தார்கள். அந்த நூதனசாலையில் ஒரு சுவர் முழுக்கப் பெயர்கள் இருக்கட்டும். செக்ரோலில் இருந்து எடுக்கலாம், தோட்டத்துப் பிறப்பு இறப்புப் பதிவிலிருந்து எடுக்கலாம். முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் பொலிஸ் குண்டுக்குப் பலியான கோவிந்தன் போல அறியப்பட்ட பெயர்கள் ஒன்றிரண்டுதான். மற்றவர்களுக்கும் பெயர் இருந்தது, அதைக் கணக்கப்பிள்ளை தினமும் கூப்பிட்டுத்தான் பேர் போட்டார்.

தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நுழைவுச் சீட்டு வேண்டாம். மூன்று மொழியிலும் எழுதுங்கள், தமிழைத் தமிழ்த் துறையிடம் எழுதக் கொடுங்கள். நல்ல மலசலகூடம் இருக்கட்டும், வேன் பிடித்து வரும் கிழவிகளுக்கு அதுதான் முதல் தேவை. கலஹா பஸ் நிற்கிற இடத்துக்குக் கிட்டவாக இடம் பார்த்தால் இன்னும் நல்லது.

எங்கள் டிவிஷனில் பொருட்கள் இருக்கின்றன. அம்மாவிடம் கூடையும் படங்கும் ஒரு பித்தளைச் செம்பும் உண்டு, கொடுக்கச் சம்மதித்துவிட்டார். செம்புக்கு மட்டும் ரசீது வேண்டுமாம். தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில் ஒரு தாத்தாவிடம் பாட்டனாருடைய பழைய துண்டுச் சீட்டும், இந்தியாவுக்குப் போன தங்கச்சியின் கடிதங்களும் இருக்கின்றன. மழையில் நனைந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருப்பதால், மூலத்தை வாங்காவிட்டாலும் படமாவது எடுத்துவைக்க ஆள் அனுப்புங்கள். சித்திரை வருடப் பிறப்புக்குக் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் எல்லாம் ஊருக்கு வருவார்கள், எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அந்த வாரத்தில் வந்தால் வேலை சுலபம். வருகிற திகதியை முன்கூட்டியே அறிவித்தால் வீட்டுக்கு வீடு சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
கலஹாவிலிருந்து ஒரு வரலாற்று ஆசிரியை